கரி அடுப்பை வீட்டுக்குள் எடுக்கலாமா?

கடந்த மார்கழியில் கிளிநொச்சியிலிருந்து சித்தப்பா பண்டாரவளைக்கு வந்திருந்தார். 1977 கலவரத்தின் பின் சிறுவனாகத் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர். 2009இல் முகாமில் மூன்று கல் வைத்துச் சமைத்தவர். நான் வேலை செய்யும் விடுதியின் முற்றத்தில் முட்டை வடிவில் நின்ற தடித்த அடுப்பைப் பார்த்து, "இதென்ன மகன், குதிர் மாதிரி?" என்றார்.

ஜப்பானியரின் 'கமாடோ' அடுப்பின் வழிவந்தது அது. 'பிக் கிரீன் எக்' நிறுவனம் 1974இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் இதை விற்கத் தொடங்கியது. தகர அடுப்பில் சூடு வெளியே ஓடிவிடும். அதனால் கரியும் காற்றும் நிறைய வேண்டும். செரமிக் சுவரோ சூட்டை உறிஞ்சி வைத்து உள்ளேயே திருப்பி விடுகிறது. கொஞ்சக் காற்றே போதும். காற்றோட்டம் குறைவு என்பதால் இறைச்சியின் ஈரமும் காய்ந்து போவதில்லை.

கீழே ஒரு துவாரம், மூடியில் ஒரு துவாரம். இரண்டையும் அகலத் திறந்தால் 300 பாகைக்கு மேலும் ஏறும். ஒடுக்கினால் 110 பாகையில் மணிக்கணக்காக நிற்கும். ஆனால் ஒருமுறை அதிகம் சூடேறினால் இலகுவில் இறங்காது. என் முதற்கோழி அப்படித்தான் கருகியது. சூடான செரமிக்கில் தண்ணீர் ஊற்றக்கூடாது, வெடித்துவிடும். மூடியைச் சட்டென்று திறந்தால் காற்றுப் புகுந்து சுவாலை முகத்துக்கு வரும். முதலில் சிறிது தூக்கிப் பிடித்துவிட்டுத் திறக்க வேண்டும்.

மண் சுவரால் சூட்டைக் காப்பது நமக்குப் புதிதல்ல. இரண்டு பானை வைக்கும் 'அனகி' மண் அடுப்பு 1980களிலிருந்தே இலங்கையில் விறகை மிச்சப்படுத்துகிறது. 2022இல் காஸ் வரிசையில் நின்று களைத்தவர்கள் பலர் மண் அடுப்புக்கும் சிரட்டைக்கரிக்கும்தான் திரும்பினார்கள்.

அன்றிரவு நல்ல குளிர். வீட்டில் மீன் வாட்டிய சட்டியில் தணல் மிச்சமிருந்தது. அதைக் காம்பிராவுக்குள் எடுக்கச் சொன்னார் சித்தப்பா. மறுத்தேன். "முகாமில் தறப்பாளுக்குள்ளேயே அடுப்பெரித்தோமே, ஒன்றும் ஆகவில்லையே?"

அதுவும் ஆபத்துதான். ஆனால் விறகுப் புகை கண்ணை எரித்து ஆளை வெளியே விரட்டும். நன்றாகப் பற்றிய கரி புகையாது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். 10 அடிக்கு 12 அடி லயக் காம்பிராவில், குளிருக்குக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டுத் தூங்குபவர் விழிக்காமலே போகலாம். செரமிக் அடுப்போ சாதாரண மண்சட்டியோ, கரி ஒன்றுதான். சாம்பல் பூத்த தணலும் இந்த வாயுவை விடும். ஒரே அறையில் இருப்பவர்களுக்கு ஒன்றாகத் தலையிடி, வாந்தி, மயக்கம் வந்தால் உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 1990 அம்புலன்சை அழையுங்கள்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே சட்டியை முற்றத்தின் ஓரத்துக்குத் தூக்கிப்போய்த் தணலில் தண்ணீர் தெளித்தார். நான் இரண்டாவது கம்பளியைத் தேடி எடுத்தேன்.