குவார்ட்டர் 10 ரூபாய் ஏறினால் குடி குறையுமா? ஆரணி தறி வீட்டிலிருந்து ஒரு கணக்கு

ஆரணியில் கூலிக்குப் பட்டு நெய்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலையை நெய்து அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. ஒரு சேலைக்குப் பல நாள் வேலை. வீட்டுப் பெண்களின் உழைப்பும் அதில் சேர்ந்தே இருக்கும். ஆனால் குடிப்பழக்கம் இருந்தால், டாஸ்மாக் கடைக்குத் தினமும் ரொக்கம் வேணும்.

2024 பிப்ரவரி 1-ம் தேதி, சாதாரண ரக குவார்ட்டர் விலை 130 ரூபாயிலிருந்து 140 ஆனது. தினமும் ஒரு குவார்ட்டர் என்றால் மாதத்துக்கு 4,200 ரூபாய். உயர்ந்த 10 ரூபாய் மட்டுமே வருஷத்துக்கு 3,650 ரூபாய். இந்தப் பணம் யாருக்குப் போகுது?

டாஸ்மாக் எப்படி வந்தது?

1983-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது டாஸ்மாக். 2003 நவம்பரில், ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2003-04-ல் சுமார் 3,640 கோடி ரூபாயாக இருந்த அரசு வருவாய், 2023-24-ல் 45,855 கோடியைத் தாண்டியது.

மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆயத்தீர்வையையும் மதிப்புக்கூட்டு வரியையும் மாநில அரசே முடிவு செய்யலாம். பணம் தேவைப்படும்போது மாநிலங்கள் கை வைக்கும் முதல் இடங்களில் ஒன்று இது.

அரசுக் கடையில் எங்கே நவதாராளவாதம்?

‘எல்லாவற்றையும் சந்தை பார்த்துக்கொள்ளும், வாங்குவதும் விடுவதும் தனிமனிதன் பாடு’ என்பதுதான் நவதாராளவாதத்தின் சுருக்கம். கடை அரசுடையதாக இருந்தாலும் டாஸ்மாக்கில் இந்தச் சிந்தனையைப் பார்க்கலாம். சரக்கு தனியார் ஆலைகளில் இருந்து வருது. பார் நடத்தும் உரிமை டெண்டரில் போகுது. கடை ஊழியர்கள் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். குடிப்பது தனிமனிதர் விருப்பம் ஆகிவிடுது. வருமானம் மட்டும் பொதுக் கஜானாவுக்கு.

டெல்லி இன்னும் ஒரு படி மேலே போனது. 2021 நவம்பரில் சில்லறை விற்பனையை முழுசாகத் தனியாருக்கு விட்டது. கடைகள் போட்டி போட்டுத் தள்ளுபடி கொடுத்தன. சர்ச்சை வெடிக்க, 2022 செப்டம்பரில் பழைய முறைக்கே திரும்பியது.

விலை ஏறினால் குடி குறையுமா?

குறையும் என்கிறது ஸ்காட்லாந்து அனுபவம். 2018 மே மாதம் அங்கே மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வந்தது. மதுவால் நேரடியாக ஏற்படும் மரணங்கள் சுமார் 13 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை மதிப்பிட்டது. ஆனால் குடிக்கு அடிமையானவர்களில் சிலர், குடியை விடாமல் சாப்பாட்டுச் செலவைக் குறைத்ததும் தெரியவந்தது.

தறி வீட்டிலும் ஆபத்து இதுதான். விலை ஏறியும் பழக்கம் விடவில்லை என்றால், வெட்டு விழுவது மளிகைக்கும் பிள்ளைகளின் பீஸுக்கும்தான்.

சுமையும் சமமாக இல்லை. 130 ரூபாய் சரக்குக்கு 10 ரூபாய் ஏறினால், அது கிட்டத்தட்ட 8 சதவீதம். 400 ரூபாய் சரக்குக்கு 20 ரூபாய் ஏறினாலும் 5 சதவீதம்தான். குறைந்த வருமானக்காரரே கூடுதல் பங்கு கட்டுகிறார்.

அப்போ விலையைக் குறைக்கலாமா?

மலிவாக்கினால் குடி பெருகும். விலையை மட்டும் ஏற்றினாலும் ஆபத்து உண்டு: சிலர் மலிவான கள்ளச்சாராயத்தைத் தேடிப் போவார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததை தமிழ்நாடு மறக்கவில்லை.

அதனால் விலை உயர்வு மட்டுமே மதுக் கொள்கை ஆகிவிடாது. கள்ளச்சாராயத்தைத் தடுப்பது, ஊருக்குப் பக்கத்திலேயே குடிநோய் சிகிச்சை கிடைப்பது, கடைகளைப் படிப்படியாகக் குறைப்பது எல்லாம் சேர்ந்தால்தான் பலன். 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. அதற்குப் பிறகும் 4,800-க்கு மேல் கடைகள் இருந்தன.

ஒவ்வொரு முறை விலை ஏறும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த 10 ரூபாயில் எத்தனை பைசா, குடியை விட நினைப்பவரின் சிகிச்சைக்குத் திரும்பி வருது?