ஓ நெகட்டிவ் எத்தனை பேர்?

ராத்திரி பத்து மணி. ஆஸ்பத்திரியில இருந்து போன். ''உங்க காலேஜ்ல ஓ நெகட்டிவ் எத்தனை பேர் இருக்காங்க?'' என்.எஸ்.எஸ். ரத்ததான லிஸ்ட் உங்க லேப்டாப்புலதான் இருக்கு. மொத்தம் 500 பேர். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆச்சே... ரெண்டே நிமிஷத்துல ''மூணு பேர் சார்!''னு சொல்லிடறீங்க. உண்மையில ஆறு பேர். மிச்ச மூணு பேரை முழுங்கினது யாரு? நீங்க எழுதின ஜாவாஸ்கிரிப்ட்தான் பாஸ்!

லிஸ்ட்ல ஒவ்வொரு மாணவரும் ஒரு ஆப்ஜெக்ட். அதுக்குள்ள பெயர், போன், ரத்த வகைன்னு ப்ராப்பர்ட்டிகள். 500 ஆப்ஜெக்ட்டை வரிசையா அடுக்கினா அர்ரே. எண்ணச் சொன்னா நம்ம கை தானா போறது ஃபில்டர் பக்கம். 'ஓ நெகட்டிவ் ஆளுங்களை மட்டும் தனியா நிறுத்து'ன்னு சொல்லிட்டு லெங்த் பார்த்தா எண்ணிக்கை ரெடி. 2009-ல் வந்த எக்மாஸ்கிரிப்ட் 5-லேயே இருக்கிற வசதி. ஒரே வரி வேலை.

சிக்கல் என்னன்னா, ஃபில்டர் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். லிஸ்ட்டை டைப் பண்ணினது நாலு பேர். ஒருத்தர் 'ஓ நெகட்டிவ்', இன்னொருத்தர் 'ஓ நெக்', மூணாவது ஆள் 'ஓ மைனஸ்', நாலாவது புண்ணியவான் கடைசியில ஒரு ஸ்பேஸ் தட்டி வெச்சிருக்கார். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இது நாலும் நாலு வேற வேற வகை. எர்ரரும் வராது, சத்தமும் வராது. மூணுன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருக்கும்.

அதனால முதல்ல பெட்டி வெச்சு எண்ணுங்க. காலியா ஒரு ஆப்ஜெக்ட். ஒவ்வொருத்தரா வரும்போது, அவரோட ரத்த வகை பேர்ல பெட்டி இருந்தா ஒண்ணு கூட்டணும். இல்லேன்னா பூஜ்யத்துல ஆரம்பிச்சு ஒண்ணு கூட்டணும். அந்தப் பூஜ்யத்தை மறந்தா 'அன்டிஃபைண்ட்' கூட ஒண்ணைக் கூட்டி, 'நாட் எ நம்பர்'னு பல்லைக் காட்டும். லிஸ்ட்டை ஒரே தடவை ஓடினா போதும், எல்லா வகையும் வந்துடும். எட்டு பெட்டி இருக்கவேண்டிய இடத்துல பதினாலு இருக்கா? அப்பவே தெரிஞ்சுடும், டைப்பிங் கோளாறு எங்கேன்னு. ஸ்பேஸை ட்ரிம் வெட்டிடும். 'நெக்', 'மைனஸ்' எல்லாத்தையும் நீங்கதான் உட்கார்ந்து மாத்தணும்.

இதையே ரெட்யூஸ்ல ஸ்டைலா எழுதலாம். ஆனா கடைசியில அந்தக் காலி ஆப்ஜெக்ட்டைக் கொடுக்க மறந்தீங்க... போச்சு! முதல் மாணவரோட ரெக்கார்டே பெட்டியாயிடும். அவர் எண்ணிக்கையில வரமாட்டார். அவரோட போன் நம்பர் மட்டும் ரிசல்ட் நடுவுல வந்து நிற்கும். புதுசா எழுதறவங்களுக்கு என் ஓட்டு சாதாரண 'ஃபார்' லூப்புக்குத்தான். படிச்சாலே புரியும்ல!

இன்னொரு பொறி. ஆப்ஜெக்ட்டுக்குள்ள பெட்டி பேர் எல்லாமே எழுத்துதான். எண் 1-ம், எழுத்தா டைப் பண்ணின '1'-ம் ஒரே பெட்டியில விழுந்துடும். ரத்த வகைக்குப் பரவாயில்லை, வேற லிஸ்ட்டுல இது மண்டை காய வைக்கும். தனித்தனியா வேணும்னா 2015-ல் வந்த மேப் இருக்கு.

சரி, ஆறு பேர்னு கண்டுபிடிச்சாச்சு. அதுல ரெண்டு பேர் போன மாச கேம்ப்ல ரத்தம் கொடுத்தவங்க. நம்ம நாட்டு விதிப்படி ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழிச்சுதான் மறுபடி கொடுக்கலாம். ஆக, 'கடைசியா கொடுத்த தேதி'ங்கற ப்ராப்பர்ட்டியையும் பார்த்து எண்ணணும். இப்ப நாலு பேர். ஆனா ஆஸ்பத்திரிக்குத் தேவை நாலுங்கற நம்பரா, அந்த நாலு பேரா? 2024 எக்மாஸ்கிரிப்ட்ல சேர்ந்த 'குரூப் பை' ஆளுங்களையே வகைவாரியா பிரிச்சுக் கொடுத்துடும். லெங்த் பார்த்தா எண்ணிக்கை, உள்ளே பார்த்தா போன் நம்பர். ஹாஸ்டல்ல யார் முழிச்சிருக்காங்களோ, அவங்களுக்கு முதல்ல அடிங்க.