குளிருக்கும் கவுன்சிலில் விண்ணப்பம் உண்டு

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் அக்கா. ஹீட்டர் வாங்குவதா, பொய்லரை மாற்றுவதா என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் முதல் கவுன்சிலுக்கு ஒரு போன் எடுக்க வேண்டும். ஏன் என்பதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலில் அத்தானுடைய உடம்பைப் பார்ப்போம். நீங்கள் மாடி ஏறி இறங்குகிறீர்கள், சமைக்கிறீர்கள், வீடு கூட்டுகிறீர்கள். தசை வேலை செய்தால் உடம்பில் சூடு பிறக்கும். பக்கவாதம் வந்தபிறகு அவர் நாள் முழுக்க ஒரே கதிரையில். அந்தச் சூடு அவருக்கு இல்லை. உங்களுக்கு இதமாக இருக்கிற அறை அவருக்குக் குளிர்வது அதனால்தான். குளிர்காலத்தில் வீட்டை 18 டிகிரிக்குக் குறையவிட வேண்டாம் என்று இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனம் சொல்கிறது. அசையாமல் இருப்பவருக்கு அதற்கும் மேலே தேவைப்படலாம். அதற்காக எல்லா நோயாளிக்கும் சூட்டைக் கூட்டினால் சரி என்றும் இல்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவருக்கு அறை கொஞ்சம் அதிகமாகச் சூடேறினாலே உடம்பு துவண்டுவிடும். கழுத்துக்குக் கிட்ட முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே நடுக்கமும் வராது, வியர்வையும் வராது. எவ்வளவு சூடு வேண்டும் என்பதை நோயைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இப்போது ஹீட்டர். கடையில் 30 பவுணுக்குக் கிடைக்கிறது, உண்மைதான். 2 கிலோவாட் ஹீட்டர் நிற்காமல் ஒரு மணித்தியாலம் எரிந்தால் 2 யூனிட் கரண்ட். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 50 பென்ஸ், 8 மணித்தியாலத்துக்கு 4 பவுண், மாதத்துக்கு 120. இதே சூட்டை காஸ் பொய்லர் கொடுத்தால் இதில் கால் பங்கை விடச் சற்றுக் கூடத்தான் வரும். இந்த நாட்டில் காஸை விடக் கரண்ட் யூனிட் ஏறக்குறைய நாலு மடங்கு விலை. ஹீட்டரை மலிவு என்று சொல்பவர்கள் கடை விலையை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

மின்சாரப் போர்வை வேறு கதை. 100 வாட் அளவுதான், பத்து மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட். அறையை விட்டு ஆளைச் சூடாக்குகிறது, நல்ல யோசனை. ஆனால் அத்தானுக்கு இடது பக்கம் உணர்வு குறைவு. சுடுவது தெரியாமலே தோல் வெந்துபோகலாம். சுடுதண்ணிப் பைக்கும் இதே ஆபத்து. டாக்டரையோ நர்ஸையோ கேட்காமல் வாங்காதீர்கள்.

காசு செலவழிக்காமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. உங்கள் தெர்மோஸ்டாட் எங்கே? வாசல் கதவுக்குப் பக்கத்தில், நடைபாதைச் சுவரில். அதற்குத் தெரிந்தது நடைபாதையின் குளிர் மட்டும்தான். அதன் பக்கத்து ரேடியேட்டர் சூடானதும் போதும் என்று பொய்லரை நிறுத்திவிடும். முன்னறையில் அத்தான் இருக்கிற மூலை அப்போதும் சில்லென்றுதான் இருக்கும். முன்னறை ரேடியேட்டரை முழுக்கத் திறந்துவிட்டு, நடைபாதையில் உள்ளதைக் குறைத்துப் பாருங்கள். திரைச்சீலை ரேடியேட்டருக்கு மேலே தொங்குகிறதே, அதை ஜன்னல் கட்டையோடு நிற்கும்படி மடித்துத் தையுங்கள். இப்போது சூடு சீலைக்குப் பின்னால் ஏறி ஜன்னல் கண்ணாடிக்குப் போகிறது. சோபாவையும் ஓரடி முன்னுக்கு இழுங்கள். ரேடியேட்டரின் மேல்பக்கம் குளிர்ந்து கீழ்ப்பக்கம் சுட்டால் உள்ளே காற்று நிற்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, சின்னச் சாவியால் ஓரத்தில் உள்ள திருகைக் கொஞ்சம் திறந்தால் உஸ் என்று காற்றுப் போகும், தண்ணி எட்டிப் பார்த்ததும் பூட்டிவிடலாம். கீழ்ப்பக்கம் குளிர்ந்தால் அது சேறு. அது எங்களால் ஆகாது, ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

சரி, கவுன்சிலுக்கு வருவோம். டிஸேபிள்ட் ஃபசிலிட்டீஸ் கிராண்ட் என்றொரு மானியம் உண்டு. சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை, படியேற்றி, குளியலறை மாற்றம் எல்லாம் இதில் செய்கிறார்கள் என்பது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியும். ஆனால் இந்த மானியத்துக்காக 1996-ஆம் ஆண்டு வந்த சட்டத்தில் ஹீட்டிங்கும் எழுதியிருக்கிறது. மாற்றுத்திறனாளியின் தேவைக்கு ஏற்ப ஹீட்டிங்கைத் திருத்தலாம். இருப்பது அவருக்கு உதவாது என்றால் புதிதாகவே போடலாம். தெர்மோஸ்டாட்டை அவர் கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்றுவதும் அதில் சேரும். ஆகவே இதைப் பிச்சையாக நினைக்காமல், படியேற்றி கேட்பது போலவே கேளுங்கள்.

இங்கிலாந்தில் இதன் உச்சவரம்பு 30,000 பவுண், வேல்ஸில் 36,000. வருமானம் பார்ப்பார்கள். ஆனால் பார்ப்பது அத்தானுடையதும் உங்களுடையதும்தான். கூட இருக்கிற மகனுடைய சம்பளம் கணக்கில் வராது. மகன் உழைக்கிறான், எங்களுக்குக் கிடையாது என்று விண்ணப்பிக்காமலே விடுகிற குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைக்கு இயலாமை என்றால் வருமானமே பார்ப்பதில்லை. வாடகை வீட்டில் இருப்பவரும் கேட்கலாம், வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். முழு வீட்டையும் சூடாக்கித் தருவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அவர் வழக்கமாகப் புழங்குகிற அறைகளைத்தான் பார்ப்பார்கள். முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்து 6 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில் வரும்வரை வேலையைத் தொடங்காதீர்கள். முடித்துவிட்டுப் பில்லைக் கொண்டுபோனால் தரமாட்டார்கள். ஹீட்டிங் போடும்போது, தொட்டால் சுடாத வகை ரேடியேட்டர் கேளுங்கள். அதன் வெளிப்பக்கம் 43 டிகிரிக்கு மேலே போகாது. உணர்வில்லாத கை அதில் பட்டாலும் பயம் குறைவு.

ஹீட் பம்ப் பற்றி மகன் சொன்னானாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வருமானம் பார்க்காமல் 7,500 பவுண் மானியம் இருக்கிறது. நாள் முழுக்க வீட்டில் இருப்பவருக்கு அதன் மெல்லிய, நிற்காத சூடு பொருந்தும். ஆனால் மிச்சக் காசு உங்கள் கையிலிருந்து போக வேண்டும். உங்களுடையது பழைய செங்கல் வீடு, சுவருக்குள் இடைவெளி இல்லை. எனக்கு அவசரமாகத் தெரியவில்லை.

பில்லில் கழிவு கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களே, அது வோம் ஹோம் டிஸ்கவுண்ட். கரண்ட் பில்லில் குளிர்காலத்துக்கு ஒருமுறை 150 பவுண். நான் சொன்ன ஹீட்டர் அதை முப்பத்தேழு நாளில் தின்றுவிடும். இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இயலாமைக்குத் தருகிற பிப் மட்டும் எடுத்தால் இது கிடைக்காது, பென்ஷன் கிரெடிட் போல வருமானம் பார்த்துத் தருகிற உதவி இருக்க வேண்டும். அடுத்தது, பில் உங்கள் பெயரில் அல்லது அத்தான் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் மகன் பெயரில்தானே இருக்கிறது? முதலில் அதை மாற்றுங்கள்.

கோல்ட் வெதர் பேமென்ட் என்ற 25 பவுணும் இருக்கிறது, நவம்பர் முதல் மார்ச் வரை. ஆனால் தொடர்ந்து 7 நாள் சராசரி பூச்சியத்தில் அல்லது அதற்குக் கீழே நின்றால்தான். லண்டனின் ஈரக்குளிர் 4, 5 டிகிரியில் நின்று எலும்பை அரித்தால் ஒரு சதமும் இல்லை. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கரண்ட் கொம்பனிக்குப் போன் எடுத்து, முன்னுரிமைப் பட்டியலில் அத்தான் பெயரையும் சேர்த்துவிடுங்கள். காசு இல்லை. கரண்ட் வெட்டப்போகிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல்வார்கள்.

மானியம் வேண்டும் என்று கவுன்சிலுக்குச் சொன்னதும், அத்தானுடைய தேவையைப் பார்க்க ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். எங்கள் சனத்தின் வழக்கம் எனக்குத் தெரியும். ஆள் வருகிறார் என்றால் காலையிலேயே ஹீட்டிங்கைக் கூட்டி, அத்தானுக்கு நல்ல உடுப்புப் போட்டு, 'எல்லாம் நல்லாயிருக்கு' என்று சிரிப்போம். அவர் பார்த்ததைத்தான் எழுதுவார். அன்றைக்கு மட்டும் வீட்டை வழக்கமாக இருக்கிற மாதிரியே விடுங்கள். இப்போதே ஒரு வெப்பமானி வாங்கி, அத்தானுடைய கதிரைக் கைப்பிடியின் உயரத்தில் வைத்து, காலை, மத்தியானம், இரவு என்று இரண்டு கிழமைக்கு எழுதி வையுங்கள். போன மாதக் காஸ் பில்லையும் அந்தத் தாளோடு குத்தி, வந்தவுடன் அவர் கையில் கொடுங்கள்.