கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கா உங்க ரெக்கார்டிங்? புது மைக் வாங்கும் முன் இதைப் படிங்க!

ராத்திரி பதினொரு மணி. வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. கதவைச் சாத்திக்கொண்டு, ஆசை ஆசையாக வாங்கிய மைக் முன்னால் உட்கார்ந்து, மனசு ஒன்றி ஒரு பாட்டைப் பாடி முடிக்கிறீர்கள். உடனே நண்பருக்கு அனுப்புகிறீர்கள். காலையில் பதில் வருகிறது: ''நல்லாத்தான் பாடியிருக்க. ஆனா, கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கே!''

இந்த இடத்தில் பெரும்பாலானோர் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருவார்கள். ஒன்று, 'மைக் சரியில்லை, இன்னும் நல்லதா வாங்கணும்'. இன்னொன்று, 'நம்ம குரலே இவ்வளவுதான்'. முதல் முடிவு பர்ஸைக் காலி செய்யும். இரண்டாவது முடிவு பாடுவதையே நிறுத்திவிடும். ஆனால், பல நேரங்களில் குற்றவாளி மைக்கும் இல்லை, குரலும் இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையும், மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கும் தூரமும்தான். இரண்டையும் பெரிய செலவில்லாமல் சரிசெய்யலாம்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். ரெக்கார்டிங்கில் நம் குரலைக் கேட்டால் பலருக்கும் பிடிப்பதில்லை. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்குள் போகிறது. அதனால் நமக்கு நம் குரல் கொஞ்சம் கனமாகவே கேட்டுப் பழகியிருக்கும். மைக்கில் அந்த எலும்பு வழிச் சத்தம் கிடையாது. அதனால் 'ஐயே, இது நானா?' என்று தோன்றும். அது கோளாறு இல்லை. மற்றவர்கள் தினமும் கேட்கும் உங்கள் குரல் அதுதான். அதைக் கழித்துவிட்டு, நிஜமான கோளாறை மட்டும் தேடுவோம்.

முதலில் ஒரு நிமிட டெஸ்ட்!

டாக்டர் மருந்து எழுதும் முன் நாடி பார்ப்பது மாதிரி, எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் ரெக்கார்டு செய்யுங்கள். முதல் 10 விநாடி எதுவும் பேசாமல் அமைதியாக இருங்கள். அடுத்த 20 விநாடி சாதாரணமாகப் பேசுங்கள். பிறகு, பாட்டில் உச்சத்துக்குப் போகும் வரியை முழுக் குரலில் பாடுங்கள். கடைசியாக, 'பாப்பா பப்பாளிப் பழம் பறித்தாள்', 'சரசு சிரித்துச் சிரித்துச் சொன்னாள்' என்று இரண்டு வாக்கியங்கள்.

இப்போது வயர் உள்ள ஹெட்போனில் கேளுங்கள். அமைதியான இடத்தில் 'ஸ்ஸ்' அல்லது 'ம்ம்' என்று கேட்டால் பிரச்னை இரைச்சலில். பேச்சு தூரத்தில் கேட்டால் அறையில். உச்ச வரி கரகரத்தால் கெய்னில். பப்பாளியில் 'பொத் பொத்' என்றும், சரசுவில் 'ஸ்ஸ்ஸ்' என்று கூர்மையாகவும் கேட்டால், மைக்கை வைத்திருக்கும் கோணத்தில். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிணற்றுக் குரல்... காரணம் அறை!

பாத்ரூமில் பாடினால் எல்லோர் குரலும் அருமையாக இருக்கும். டைல்ஸ் சுவரில் பட்டுத் திரும்பி வரும் சத்தம் நம் குரலுக்கு ஒரு பூச்சு கொடுப்பதுதான் காரணம். அதே பூச்சுதான் ரெக்கார்டிங்கைக் கெடுக்கிறது. நம் வீடுகளில் சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். பத்துக்குப் பத்து அறையின் நடுவில் நின்றால், உங்கள் குரல் சுவரில் பட்டுத் திரும்ப 9 மில்லி விநாடிதான் ஆகும். அவ்வளவு சீக்கிரம் திரும்புவதால் அது தனி எதிரொலியாகக் கேட்காது. அசல் குரலோடு கலந்து, அதை ஒரு தகர டப்பாவுக்குள் போட்ட மாதிரி ஆக்கிவிடும்.

நேரில் பேசும்போது ஏன் இது தெரிவதில்லை? காதுக்குப் பின்னால் மூளை இருக்கிறது. அது தேவையில்லாத சத்தத்தை ஒதுக்கிவிடும். மைக்குக்கு அந்த வித்தை தெரியாது.

மருந்து என்ன? முதல் மருந்து இலவசம். மைக்குக்குப் பக்கத்தில் வாருங்கள். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், உங்கள் குரல் மைக்கில் சுமார் 6 டெசிபல் கூடுதலாக விழும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இரண்டு அடி தூரத்திலிருந்து அரை அடிக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். எந்தப் புது மைக்கும் இதைத் தராது. கண்டென்சர் மைக் என்றால் ஒரு சாண் தூரம், டைனமிக் மைக் என்றால் நான்கு விரல் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நெருங்கினால் குரலில் அடிக்கனம் கூடி 'கும்'மென்று ஆகும். அப்போது கொஞ்சம் பின்வாங்குங்கள்.

இரண்டாவது மருந்து, மெத்தையும் ரஜாயும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் ஃபோம் ஒட்டுவார்கள். பாடுவதற்குப் பயன்படும் மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்கச் சத்தத்தைத்தான் அதிகம் வாங்கும். பின்பக்கம் பெரிதாகக் காது கொடுக்காது. மைக்கின் முன்பக்கம் பார்ப்பது எதை? உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெறும் சுவரையும்! எனவே, ரஜாய் முதலில் தொங்க வேண்டியது உங்கள் முதுகுக்குப் பின்னால். சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் இன்னும் நன்றாக உறிஞ்சும். பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாத்தி வைப்பது அதைவிட நல்லது. புடவைகள் அடுக்கிய கப்போர்டைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடினாலும் பலன் உண்டு. தரையில் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள். அறையின் மூலையிலும், நட்டநடுவிலும் நிற்காதீர்கள்.

முட்டை அட்டை ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அது மெல்லிய அட்டை. குரலின் மேல்பக்கக் கூர்மையை மட்டும் கொஞ்சம் குறைக்கும். டப்பாச் சத்தம் அப்படியே இருக்கும். தீப்பிடித்தால் சட்டென்று பரவும் ஆபத்து வேறு.

இரைச்சல்... எங்கிருந்து வருது?

மெத்தையும் ரஜாயும் அறைக்குள் எழும் எதிரொலியைக் குடிக்கும். வெளியிலிருந்து வரும் ஹாரன் சத்தத்தைத் தடுக்காது. அதற்கு ஜன்னலைச் சாத்துவதும், தெரு அடங்கும் நேரம் பார்ப்பதும்தான் வழி.

வீட்டுக்குள் முதல் எதிரி சீலிங் ஃபேன். நம் ஊர் வெயிலில் கஷ்டம்தான். ஆனாலும், ஒரு சரணம் பாடும்வரை நிறுத்திவிட்டு, பிறகு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது ஃபிரிட்ஜ். அதை நிறுத்தினால் திரும்பப் போட மறந்து, மறுநாள் பால் திரிந்துபோகும். பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு நிறுத்துங்கள். வெளியே கிளம்பும்போது ஞாபகம் வந்தே தீரும்.

'ம்ம்ம்' என்று ஒரே சீராக ஓடும் சத்தம் என்றால் அது மின்சாரத்தின் வேலை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும்தான் அப்படிக் கேட்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஒருமுறை ரெக்கார்டு செய்து பாருங்கள். சத்தம் போய்விட்டால் சார்ஜரோ எர்த் இணைப்போதான் காரணம். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், எர்த் உள்ள பாயின்ட்டில் சொருகுங்கள். மைக் வயரை சார்ஜர் வயரோடு சேர்த்துச் சுருட்டாதீர்கள். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: சத்தம் போகிறது என்பதற்காக எர்த் பின்னை வெட்டுவது, கழற்றுவது. உயிருக்கே ஆபத்து. பாயின்ட்டில் எர்த் இல்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

'ஸ்ஸ்ஸ்' என்று மணல் கொட்டுவது போலக் கேட்டால், நீங்கள் தூரத்தில் நின்றுகொண்டு கெய்னை ஏற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கெய்னை இறக்குங்கள், பக்கத்தில் வாருங்கள்.

கரகரப்பு, 'பொத்', 'ஸ்ஸ்'

ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் மீட்டர் பூஜ்ஜியத்தைத் தொட்டால் சத்தத்தின் தலை வெட்டப்படும். அதுதான் கரகரப்பு. அப்படி வெட்டுப்பட்டதைப் பிறகு முழுதாகச் சரிசெய்ய முடியாது. பாட்டின் உச்ச வரியைப் பாடிப் பார்த்து, மீட்டர் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் நிற்கும்படி கெய்னை வையுங்கள். பல்லவியைப் பாடிப் பார்த்து வைத்தால் சரணத்தில் மாட்டிக்கொள்வீர்கள். 24 பிட்டில் ரெக்கார்டு செய்தால், சத்தம் கொஞ்சம் குறைவாகப் பதிந்தாலும் பின்னால் தூக்கிக்கொள்ளலாம்.

'ப' சொல்லும்போது வாயிலிருந்து காற்று குபுக்கென்று வரும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பாருங்கள், தெரியும். அந்தக் காற்று மைக்கை அறைவதுதான் 'பொத்'. ஒரு பாப் ஃபில்டர் போடுங்கள். கூடவே, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி, வாயை நோக்கித் திருப்பி வையுங்கள். காற்று நேராகப் போய்விடும். குரல் மைக்கில் விழும். 'ச', 'ஸ' கூர்மைக்கும் இதே கோணம் உதவும்.

இதையும் செக் பண்ணுங்க!

* மைக்கின் முகம் எது? பெரிய கண்டென்சர் மைக்குகள் பலவற்றில் தலைப்பக்கம் பாடக் கூடாது; பக்கவாட்டில்தான் பாட வேண்டும். அதிலும் கம்பெனி முத்திரை இருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் முன்பக்கம். யு.எஸ்.பி மைக்கில் திசை மாற்றும் பட்டன் இருந்தால், இதய வடிவக் குறியில் வையுங்கள். வட்டக் குறியில் இருந்தால் அறை முழுவதையும் கேட்கும்.

* புளூடூத் இயர்போன் வேண்டாம். அதன் மைக்கை ஆன் செய்ததும் பல கருவிகளில் தரம் போன் கால் அளவுக்கு இறங்கிவிடும். அதோடு, சத்தம் தாமதமாக வருவதால் தாளமும் தப்பும்.

* ஒரு காதில் மட்டும் கேட்கிறதா? மைக் பழுதில்லை. இன்டர்ஃபேஸில் ஒரு மைக், ஆனால் டிராக் ஸ்டீரியோவில் இருக்கிறது. மோனோவுக்கு மாற்றுங்கள்.

* நீட்டிப் பாடும் இடம் தேய்ந்து போகிறதா? போனிலும் லேப்டாப்பிலும் இரைச்சலைக் குறைக்கும் வசதி தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். ஆலாபனையில் ஒரே சுரத்தில் நின்றால், அதை ஃபேன் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். செட்டிங்ஸில் போய் அணைத்துவிடுங்கள்.

* கரோக்கி சத்தம் குரலோடு சேர்ந்து விழுகிறதா? ஸ்பீக்கரில் டிராக்கை ஓடவிட்டுப் பாடாதீர்கள். காதை முழுதாக மூடும் ஹெட்போன் போடுங்கள், சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

* அனுப்பும்போது கெடுகிறதா? வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாமல், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். ஃபைல் அப்படியே போகும்.

சாஃப்ட்வேர் கடைசியில்தான்!

'எடிட்டிங்கில் பாத்துக்கலாம்' என்பது பெரிய பொறி. மிச்சமிருக்கும் மெல்லிய இரைச்சலை ஆடாசிட்டி போன்ற இலவச சாஃப்ட்வேரிலேயே குறைக்கலாம். அதற்குத்தான் அந்த முதல் 10 விநாடி அமைதி. எது இரைச்சல் என்று சாஃப்ட்வேர் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். ஆனால் அளவோடு. அதிகமானால் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல் ஆகிவிடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டினால் ஃபேன் உறுமல், மேஜை அதிர்வு எல்லாம் குறையும். எதிரொலி விஷயத்தில் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: பிறகு சேர்ப்பது சுலபம்; எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

அப்போ புது மைக்கே வேண்டாமா? இத்தனையும் செய்த பிறகும் குறை இருந்தால் வாங்குங்கள். அறையை மாற்றவே முடியாது, தெருச் சத்தம் தவிர்க்க முடியாது என்றால், விலை உயர்ந்த கண்டென்சரைவிட சாதாரண டைனமிக் மைக் கைகொடுக்கும். வாய்க்கு மிக நெருக்கமாக வைத்துப் பாட முடியும் என்பதால் அறைச் சத்தம் குறைவாகவே விழும். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி, லாஸ் ஏஞ்சல்ஸில் அவர்கள் வீட்டில் அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில்தான் உருவானது. 2020-ல் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. படுக்கையறை என்பது ஒரு குறையே இல்லை.

இன்று ராத்திரி அந்த ஒரு நிமிட டெஸ்ட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது பலன் கொடுத்தது என்று தெரியும். முதலில் தூரம், அடுத்து முதுகுக்குப் பின்னால் ரஜாய், பிறகு கெய்ன். அப்புறம் அதே பாட்டை அதே நண்பருக்கு அனுப்புங்கள்.

''ரெண்டாவது சரணத்துல சுருதி கொஞ்சம் இறங்குது, பாரு'' என்று பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள். கிணறு போய்விட்டது. அவர் இப்போது உங்கள் பாட்டைக் கேட்கிறார்!