தேயிலைப் பெட்டிகள் மலையிறங்கிய வழி

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையுச்சியில் இருக்கிறது டாப் ஸ்டேஷன். அடிவாரத்தில் இருக்கும் கொட்டகுடிக்கு வழங்கிய பெயர் பாட்டம் ஸ்டேஷன். இரண்டு பெயர்களும் மூணாறு தேயிலையின் பயணத்தால் வந்தவை.

1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. அதில் வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-இல் அது நீராவி எஞ்சின் ஓடும் குறுகிய ரயில்பாதையாக மாறியது. தொழிற்சாலைகளில் பதப்படுத்திய தேயிலை, பெட்டிகளில் அடைக்கப்பட்டு டாப் ஸ்டேஷன் வந்து சேரும். அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர் நீள ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடி எனப்படும் போடிநாயக்கனூருக்கு 15 கிலோமீட்டர் மாட்டுவண்டிப் பயணம். போடியைக் கடந்து கப்பலேறி இங்கிலாந்து வரை போனது அந்தத் தேயிலை.

1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மலை ரயில்பாதையை அடித்துச் சென்றது. அது மீண்டும் கட்டப்படவே இல்லை. மூணாறின் பழைய ரயில் நிலையக் கட்டடம் இன்று தேயிலை நிறுவனத்தின் அலுவலகம்.

சமவெளியில் மதுரை–போடி ரயில்பாதை 1928-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் மறுபடியும் போடப்பட்டன. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில், 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் திரும்பியது.

அடிவாரக் கிராமமான குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறும் மலைப்பாதையில், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற இடம் இன்றும் அந்தப் பழைய பெயராலேயே அழைக்கப்படுகிறது.