சொல் வந்த வழி – 17: பிரபுக்களின் சலிப்பு

2024-ல் வந்த 'இன்சைட் அவுட் 2' படத்தைப் பிள்ளைகளோடு பார்த்தவர்களுக்கு அந்தப் பாத்திரம் நினைவிருக்கும். ஒரு சிறுமியின் மூளைக்குள் கோபம், பயம், பொறாமை எல்லாம் ஓடியாடி வேலை பார்க்க, ஒன்று மட்டும் சோபாவில் துவண்டு கிடக்கும். கையில் போன். எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தவும் மனம் வராது. பேச்சில் பிரெஞ்சு வாடை. பெயர் 'ஆன்வீ'. ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்தால் 'என்னுயி' என்று வரும். இன்னொரு 'ர்' கிடைத்தால் காதல் கடிதத்துக்கு ஆகியிருக்கும். ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர் வாய்வழியாகவே பழகிவிட்டார்கள்.

அகராதி இதற்குச் சலிப்பு என்று பொருள் சொல்லி முடித்துக்கொள்ளும். சொல்லின் கதை அவ்வளவில் முடிவதில்லை.

ஊற்று லத்தீனில் இருக்கிறது. ஒன்று பிடிக்காமல் போனால் ரோமாபுரிக்காரர்கள் 'மிஹி இன் ஓடியோ எஸ்ட்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் "எனக்கு வெறுப்பா இருக்கு". நான்காம் வேற்றுமை உருபு உட்பட நம் வீட்டுப் பேச்சேதான். அதில் 'இன் ஓடியோ' என்ற பகுதி ஒட்டித் தேய்ந்து பழைய பிரெஞ்சில் இந்தச் சொல்லானது. அப்போது அதற்குத் தொந்தரவு, மனவேதனை என்றே பொருள். அதே வேர் ஸ்பானிய மொழியில் கோபமாக முளைத்தது. இத்தாலியில் சலிப்பைக் குறிக்கும் 'நோயா' ஆனது. (நம் 'நோய்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால் உலகத்தில் எல்லாச் சொல்லும் நமக்குச் சம்பந்தி ஆகிவிடும்.)

இங்கிலாந்துக்குள் இந்தச் சொல் இரண்டு முறை நுழைந்தது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு அங்கே அரண்மனை மொழியானது. அந்த வழியில் 13ஆம் நூற்றாண்டின் கடைசிக்குள் வந்து சேர்ந்தது 'அனாய்', எரிச்சலூட்டு. நாற்றமடிக்கும் பொருளைச் சொல்லும் 'நாய்சம்' அதன் பிள்ளை; இரைச்சலைக் குறிக்கும் 'நாய்ஸ்' வேறு குடும்பம்.

இரண்டாம் வருகைக்குச் சாட்சி இருக்கிறது. நாட்குறிப்புகளால் பேர்பெற்ற ஜான் ஈவ்லின், 1665-ல் ராயல் சொசைட்டியின் மொழிச் சீர்திருத்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலத்தில் ஈடு சொல்ல முடியாத பிரெஞ்சுச் சொற்கள் என்று அதில் ஒரு பட்டியல். 'எமோஷன்', 'எஃபர்ட்', 'பிசார்' ஆகியவற்றோடு நம் ஆன்வீயும் அதில் உண்டு. எமோஷனும் எஃபர்ட்டும் இன்று பச்சை ஆங்கிலம். அவை வெளியூர்ச் சரக்கு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஆன்வீ மட்டும் 350 ஆண்டுகளுக்குப் பிறகும் விருந்தாளியாகவே உட்கார்ந்திருக்கிறது.

ஏன்? அதைக் கூப்பிட்டவர்கள் அப்படி. பாரிஸ் போய் வந்த, பொழுதைக் கொல்ல வழி தேடிய மேட்டுக்குடியினர். நாம் 'போர் அடிக்குது' என்கிறோமே, அந்தப் 'போர்' ஆங்கிலத்தில் தலைகாட்டியதும் 1760களில் இதே கூட்டத்துக்குள்தான். பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு சலிக்கப்போகும் நண்பர்களுக்காகப் பரிதாபப்பட்டு 1768-ல் கார்லைல் பிரபு எழுதிய கடிதம் ஆரம்பச் சான்றுகளில் ஒன்று. காதில் துளை போடுவதுபோல் பேசுவதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். போர்வெல் போடுவதைப் பார்த்த நமக்கு அது பொருத்தமாகத்தான் படும். அகராதிக்காரர்கள் மட்டும் தோற்றம் தெரியாது என்று கைவிரித்துவிட்டார்கள். ஆன்வீயைப் பற்றி 1823-ல் கவிஞர் பைரன், வியாதி இங்கிலாந்தில் விளைந்ததுதான், பெயரை மட்டும் பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியிருக்கிறோம் என்று கிண்டலடித்தார்.

இந்த வியாதியைப் பைரனுக்கும் முன்பே கூர்ந்து பார்த்தவர் மரியா எட்ஜ்வர்த். 1809-ல் 'ஆன்வீ' என்ற பெயரிலேயே நாவல் எழுதினார். நாயகன் க்ளென்தார்ன் பிரபு. அயர்லாந்தில் பரந்த நிலம், மாளிகை, வாய் திறக்குமுன் வந்து நிற்கும் வேலையாட்கள். எதிலும் ருசியில்லை. சூதாடிப் பார்க்கிறார், சாப்பாட்டில் இறங்கிப் பார்க்கிறார், செத்துப் போகலாமா என்றும் நினைக்கிறார். ஊரில் கலகம் மூளும்போதுதான் கொஞ்சம் தெம்பு வருகிறது! பிறகு செவிலித்தாய் குண்டைப் போடுகிறாள்: தொட்டிலில் குழந்தைகளை மாற்றினேன், நீ என் மகன், நிஜப் பிரபு கொல்லுப்பட்டறையில் இரும்படிக்கிறான். நம் சினிமாவில் பார்த்துச் சலித்த திருப்பம்தான். ஆனால் அதன்பின் நடப்பது சுவாரஸ்யம். நாயகன் பட்டத்தைத் துறந்து, சட்டம் படித்து, வக்கீலாகிறார். வியாதி போன இடம் தெரியவில்லை. பிரபுவான கொல்லனோ நிம்மதி இழந்து, மாளிகை எரிந்தபின் பட்டறைக்கே திரும்புகிறான். எட்ஜ்வர்த் எழுதிய மருந்துச் சீட்டில் ஒரே வரி: வேலை.

நூறாண்டு கழித்து, 1914 வாக்கில், வால்டர் சிக்கர்ட் அதே தலைப்பில் ஓர் ஓவியம் தீட்டினார்; லண்டன் டேட் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. சாதாரண வீட்டு அறை. மேசையருகே சுருட்டுடன் ஓர் ஆள். அவனுக்குப் பின்னால் அலமாரியில் சாய்ந்து சுவரைப் பார்த்து நிற்கும் பெண். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பிரபுக்களின் வியாதி மாத வாடகை வீட்டுக்குள் வந்துவிட்டது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

இனி, பயன்பாடு. மூன்று மணி நேர மேடைப்பேச்சு 'போரிங்'. ரேஷன் கடை வரிசையில் வருவது 'போர்டம்'. கடையைத் திறந்தால் போய்விடும். எதைத் திறந்தாலும் போகாததுதான் ஆன்வீ. 'போர்' வினையாகும், அடைமொழியாகும், ஓர் ஆளையே குறிக்கும். ஆன்வீக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பெயர்ச்சொல்லாக இருந்த இடத்திலேயே இருக்கும். விடுமுறை முடிந்த திங்கட்கிழமைச் சோர்வுக்கெல்லாம் ஆங்கிலப் பத்திரிகைகள் இதைத் தூக்கிப் போடுவது வெறும் பகட்டு. சலிப்புக்குக் காரணம் சொல்ல முடிந்தால் இந்தச் சொல்லை எடுக்காதீர்கள்.

அடுத்த வாரம் 'நைஸ்'. ஒரு காலத்தில் அதற்கு 'முட்டாள்' என்று பொருள்.