‘மழை கம்மி’ன்னா எவ்வளவு கம்மி? ஒரு பாட்டில், ஒரு நோட்டு, ஒரு கிராஃப்!

ஏற்காடு ஒன்றியத்தின் ஊராட்சிகளில் ஒன்று வெள்ளக்கடை. சேர்வராயன் மலையின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் காபி, மிளகு, சில்வர் ஓக் என்று தோட்டப் பிழைப்புதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே காபி இந்த மலைக்கு வந்துவிட்டது. மலையில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும். ‘முன்ன மாதிரி மழை இல்லீங்க. அதான் காய்ப்பு கம்மி.’

இது உண்மையாக இருக்கலாம். ஆனால், ‘முன்ன’ என்பது எந்த வருடம்? ‘கம்மி’ என்பது எவ்வளவு? காய்ப்பு குறைந்ததற்கு மழைதான் காரணமா, வேறு ஏதாவதா? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டு, விடையை எண்ணாக எழுதினால் அதுதான் அறிவியல் ஆய்வு. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், வெள்ளைக் கோட்டும் வேண்டாம்.

பத்து மில்லிமீட்டரின் விலை

அராபிகா காபிச் செடியில் மொட்டுகள் காத்துக்கொண்டிருக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளுக்குள் தோட்டமே மல்லிகைப் பந்தல் போல வெள்ளையாகப் பூத்துவிடும். அதைத்தான் பூ மழை என்கிறார்கள். சுமார் 25 மில்லிமீட்டராவது பெய்தால் நல்லது. அரைகுறையாகப் பெய்தால் பூவும் அரைகுறைதான்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் 25 மில்லிமீட்டர் மழை, ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். பெய்தது 15 மில்லிமீட்டர்தான் என்றால் பற்றாக்குறை 40,000 லிட்டர். 10,000 லிட்டர் லாரியில் நான்கு லோடு! ஸ்பிரிங்ளர் போடுவதா, எவ்வளவு நேரம் ஓட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டிய விவசாயிக்கு, ‘கம்மி’ என்ற சொல்லைவிட இந்தக் கணக்குதானே உதவும்?

இலங்கையில் நடந்த கதை

ஊகத்துக்கும் ஆய்வுக்கும் என்ன வித்தியாசம் என்பதைக் காபியே நமக்குக் காட்டியிருக்கிறது. 1869இல் இலங்கைக் காபித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி, பிறகு இலை உதிர்வு, பிறகு மொட்டைச் செடி. மண் கெட்டுவிட்டது, பருவம் சரியில்லை, செடிக்குச் சத்து போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

1880இல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானி இங்கிலாந்திலிருந்து வந்தார். அவர் யாருடைய ஊகத்தையும் அப்படியே ஏற்கவில்லை. கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் தடவித் தோட்டத்தில் வைத்தார். காற்றில் பறந்துவந்த பூஞ்சை வித்துகள் அதில் ஒட்டின. அவற்றை எண்ணினார். நலமான இலைகளில் வித்துகளை வைத்துப் பார்த்தார். ஈரம் கிடைத்ததும் அவை முளைத்தன. இலையின் அடிப்பக்கத்திலுள்ள நுண்துளைகள் வழியாக உள்ளே நுழைந்தன. சுமார் இரண்டு வாரத்தில் புள்ளி தெரிந்தது. நோய்க்குக் காரணம் காற்றில் பரவும் பூஞ்சை என்பது நிரூபணமானது.

ஆனால், அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1870இல் சுமார் 10 கோடி பவுண்டாக இருந்த இலங்கையின் காபி ஏற்றுமதி, 1889இல் சுமார் 50 லட்சம் பவுண்டாகச் சுருங்கியது. இதைப் பட்டை வரைபடமாகப் போட்டால் முதல் பட்டை 20 சென்டிமீட்டர், இரண்டாவது ஒரே ஒரு சென்டிமீட்டர்! தமிழ்நாட்டிலிருந்து அந்தத் தோட்டங்களை நம்பிப் போன தொழிலாளர்களின் பிழைப்பும் அந்தச் சரிவுக்குள்தான் இருக்கிறது. காபி போன இடத்தில் தேயிலை வந்தது.

வார்டின் உழைப்பு வீண்போகவில்லை. பருவமழைக்கு முன் போர்டோ கலவையை இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்கச் சொல்கிறார்களே, ஏன் அடிப்பக்கம்? வித்து நுழையும் வாசல் அங்கேதான் இருக்கிறது.

ஆய்வு செய்வது எப்படி?

‘அடிப்பக்கம் தெளித்தால் உண்மையிலேயே நோய் குறைகிறதா?’ என்று உங்கள் தோட்டத்திலேயே பார்க்க ஆசையா? தெளிக்கும் வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம்.

* கேள்வி ஒன்றே ஒன்று இருக்கட்டும். மருந்து, உரம், நிழல் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

* ஒரே ரகம், ஒரே வயது, ஒரே அளவு நிழலில் உள்ள 20 செடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 10 செடிகளில் இலையின் மேல்பக்கம் மட்டும், 10 செடிகளில் அடிப்பக்கமும் தெளிக்க வேண்டும். எது எந்தக் குழு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். நாமே தேர்ந்தெடுத்தால் கை தானாக நல்ல செடிப் பக்கம் போகும்.

* ஒவ்வொரு செடியிலும் 20 இலைகளுக்கு நூல் கட்டி, துரு பிடித்தவை எத்தனை என்று குறிப்பிட்ட இடைவெளியில் எண்ணுங்கள். எண்ணுகிறவருக்கு எது எந்தச் செடி என்று சொல்லாதீர்கள். எதிர்பார்ப்பு கண்ணை ஏமாற்றும்.

* நீங்கள் நினைத்ததற்கு எதிராக வந்த எண்ணையும் அப்படியே எழுதுங்கள். அதை அழித்தால் ஆய்வே அழிந்தது.

மழையை அளப்பது இன்னும் சுலபம். பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் தலைப்பகுதியை வெட்டி, புனல் போலத் தலைகீழாகச் செருகுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அதுதான் பூஜ்ஜியம். அங்கிருந்து மேலே ஒரு ஸ்கேலை ஒட்டுங்கள். மரத்தடியில் வைக்காமல், காபி காயவைக்கும் களத்தின் ஓரம் போன்ற திறந்த இடத்தில் வையுங்கள். வானிலைத் துறை அளப்பதைப் போல தினமும் காலை 8:30 மணிக்குப் பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரை மீண்டும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மழை இல்லாத நாளில் ‘0’ எழுதுங்கள். பார்க்க மறந்த நாளில் ஒரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றல்ல!

எதற்கு எந்த கிராஃப்?

எண்களைப் படமாக்கும் பட்டை வரைபடத்தையும் கோட்டு வரைபடத்தையும் பொருளாதாரக் கணக்குக்குப் பயன்படுத்தி, 1786இல் புத்தகமாகவே போட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர். இன்றும் அதே வழிதான்.

மாதவாரி மழையை ஒப்பிடப் பட்டை வரைபடம். ஒரு விஷயம் காலப்போக்கில் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்கக் கோட்டு வரைபடம். பூ மழைக்கும் விளைச்சலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கப் புள்ளி வரைபடம். இதில் கிடைக்கோட்டில் மழை, செங்குத்துக் கோட்டில் விளைச்சல், ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி. காரணம் என்று நாம் சந்தேகிப்பது கீழே, விளைவு பக்கவாட்டில். இரண்டு கோடுகளிலும் பெயரும் அலகும் கட்டாயம். ‘25’ என்று மட்டும் எழுதினால் அது மில்லிமீட்டரா, மூட்டையா?

புள்ளிகள் மேல்நோக்கி வரிசை கட்டினாலும் உடனே தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். அராபிகா ஒரு வருடம் அதிகமாகக் காய்த்தால் அடுத்த வருடம் ஓய்வெடுக்கும் குணம் உள்ளது. மழை குறைந்த வருடமும் செடி ஓய்வெடுக்கும் வருடமும் ஒன்றாக அமைந்துவிட்டால் பழி முழுவதும் மழை மேல் விழும். இரண்டு வருடக் கணக்கு இதைப் பிரித்துக் காட்டாது. பல வருட நோட்டு வேண்டும்.

வாட்ஸ்அப் கிராஃப் வந்தால்...

இதைத் தெரிந்துகொள்வதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு கிலோ 300 ரூபாய்க்கு விற்ற பொருள் 310 ஆனது என்று வைத்துக்கொள்வோம். செங்குத்துக் கோட்டை 295இல் தொடங்கி வரைந்தால், இரண்டாவது பட்டை முதல் பட்டையைப் போல மூன்று மடங்கு உயரமாக நிற்கும். எண்ணில் பொய் இல்லை. படம் மட்டும் பயமுறுத்தும். அதனால் போனில் ஒரு பட்டை வரைபடம் வந்தால் ஃபார்வர்டு செய்யும் முன் மூன்றைப் பாருங்கள். பட்டை பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா? அலகு எழுதியிருக்கிறதா? எத்தனை வருடக் கணக்கு?

10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்னையை ஆய்வு செய்து சொல்வதற்கென்றே, 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையின் மழை நோட்டும் அங்கே போகலாம்.

போகாவிட்டாலும் நஷ்டமில்லை. அடுத்த மார்ச்சில் யாராவது ‘மழை கம்மி’ என்று சொல்லும்போது, ‘எத்தனை மில்லிமீட்டர்?’ என்று கேட்க வீட்டில் ஓர் ஆள் இருக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதா வேண்டாமா என்ற முடிவும் அந்த நோட்டைப் பார்த்தே எடுக்கப்படும்.